போகாத விருந்தாளி

கூடத்தில் இருந்தவர்கள்: சோபாவில் அவர், பக்கத்தில் மனைவி, வாசலோரம் பெட்டியோடு மகன், ரிமோட்டும் கையுமாக மகள். டிவிக்குள் குண்டு வீட்டுக்காரர், அவர் பெண்டாட்டி, போகாத விருந்தாளி.

கீழே காரில் டிரைவர். அவனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

டிவியில் ஓடியது பழைய கறுப்பு வெள்ளை நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துண்டு துண்டாகச் சிரிப்பு நாடகங்கள் வருமே, அது. கடைசித் துண்டு எப்போதும் விருந்தாளிதான். மகள் எங்கேயோ தேடிப் பிடித்துப் போட்டிருந்தாள்.

விருந்தாளி விடைபெற்றுக்கொண்டு வெளியே போவான். குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வருவான். மறுபடி போவான், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று வருவான். மூன்றாம் தடவை தன்னுடையதே இல்லாத எதையாவது கேட்பான். சுவர்க் கடிகாரம், பூனை, ஒரு வாரம் வீட்டுக்காரரின் பெண்டாட்டியையே. அவள் அவனை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டுவாள். அவ்வளவுதான். கதையென்று ஒன்றுமில்லை. ஆனாலும் மூன்றாவதாக என்ன கேட்கப்போகிறான் என்று தெருவே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.

சோபாவில் இருந்த அவர் அந்தக் காலத்தில் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் விருந்தாளி ஆகிவிடுவார். பஸ் போனாலும் போகட்டும், மூன்றாவதை விடமாட்டார். ஒருமுறை மாமனார் வந்திருந்தபோது அவருடைய பல்செட்டைக் கேட்டார். சிரித்துச் சிரித்து மாமனார் நிஜமாகவே கழற்றிக் கொடுத்துவிட்டார்.

பூட்டுவது மனைவியின் பங்கு. பூட்டியதும் அவர் தட்டுவார். இவள் திட்டிக்கொண்டே திறப்பாள். ஒரு நாள் நிஜக் கோபத்தில் திறக்காமல் இருந்துவிட்டாள். அவர் படியிலேயே குடையை விரித்து வைத்துக்கொண்டு படுத்துத் தூங்கிவிட்டார். எதிர்வீட்டு அக்கா காபி கொடுத்து எழுப்பி, இவளை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள்.

இப்போது அவருக்கு இவள் பெயர் தெரியாது. நல்ல நாளில் இவள் யாரோ ஒரு அம்மா, கெட்ட நாளில் திருடி. இவள் வலது மணிக்கட்டில் இருந்த கட்டு ஒரு கெட்ட நாள் போட்டது.

போன மாதம் இவள் குப்பை கொட்டப் போன நேரம் பார்த்து உள்ளே பூட்டிக்கொண்டு, யாரும்மா நீங்க என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். மகன் வந்து கெஞ்சித் திறக்கவைக்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து வாசல் சாவியைக் காணோம். அரிசி டப்பா, தலையணை உறை, செருப்புக்குள், எங்கும் இல்லை. அவரைக் கேட்டால் எந்தச் சாவி என்பார். வெறும் தாழ்ப்பாளை நம்பித்தான் வீடு.

நேற்று, மறதிக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதிக்குக் கிளம்பலாம் என்றதும் நிலைச்சட்டத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மகனும் டிரைவரும் ஆளுக்கொரு கையாக இழுத்துப் பார்த்துத் தோற்றார்கள். மகன் படியில் உட்கார்ந்து அழுதான். விருந்தாளி நாடகத்தைப் போட்டுக் காட்டி அனுப்பலாம் என்றது மகள். இவளுக்கு அது பிடிக்கவில்லை. வேறு வழி சொல்லவும் தெரியவில்லை.

"தட்டுவாரும்மா, தட்டட்டும்," என்று சொல்லியிருந்தாள் மகள். "நீ மட்டும் திறந்துடாத."

திறந்துவிடுவாள். அது இவளுக்கே தெரியும். திறந்தால் கார் இன்றும் காலியாகத்தான் போகும். அடுத்த கெட்ட நாள் மணிக்கட்டோடு நிற்காது.

டிவியில் விருந்தாளி எழுந்தான். சோபாவில் அவரும் எழுந்தார். ஒரு தோளைச் சாய்த்து, தரை சுடுவதுபோல் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும் அந்த நடை. பெற்ற பிள்ளைகளை மறந்தவர் அதை மட்டும் மறக்கவில்லை.

போனார். மகன் பெட்டியோடு முன்னால் இறங்கியிருந்தான்.

குடைக்கு வந்தார். ஆணியில் தொங்கிய பழைய குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

கண்ணாடிக்கு வந்தார். அது மூக்கில்தான் இருந்தது. மகள் சிரித்துவிட்டாள். அவரும் கூடச் சிரித்துவிட்டுப் போனார்.

மகள் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். இவள் கதவருகே போய் நின்றாள்.

வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். இவள் கையிலிருந்த கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதையும் கேட்கவில்லை. கக்கத்துக் குடையை எடுத்து நடுக்கூடத்தில் விரித்தார்.

ணங்கென்று தரையில் ஏதோ விழுந்தது.

வாசல் சாவி.

குனிந்து எடுத்தார். சட்டையில் துடைத்து, இவளுடைய கட்டில்லாத கையில் வைத்தார்.

"இது உங்களோடது. தெரியாம என்னோட வந்துடுச்சு."

விருந்தாளி எந்த வாரமும் எதையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

தள்ள வேண்டியது இவள்தான். கை எழவில்லை. அவரே குடையை மடக்கினார், வெளியே போனார், கதவைத் தன் பக்கமிருந்து இழுத்துச் சாத்தினார்.

தட்டுவார் என்று நின்றாள். படியில் செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே போனது. கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

யாரும் தட்டவில்லை.

இடது கைக்குப் பழக்கமில்லாத வேலை. துவாரத்தைத் தேடிச் சாவி கொஞ்ச நேரம் கதவைச் சுரண்டியது. பிறகு பூட்டினாள்.