சட்டைத் துணியில் ஒரு கால்மிதி

நீலக்கட்டம் போட்ட சட்டையின் தோளில் ஜீவராணி கத்தரிக்கோலை வைத்ததும், பக்கத்து வீட்டுக் காளியாயிக்குப் பதறிப்போனது. தீபாவளிக்கு எடுத்த சட்டை அது. யோகராஜா அதை இரண்டு தரம்கூட உடுத்தியிருக்க மாட்டான்.

"ஏ புள்ள ராணி, ஒனக்கென்ன கிறுக்கா? புருசன் சட்டையப் போயி இப்புடி வெட்டுற?"

"அவரு நாளைக்கு வாறாருக்கா. அதுக்குள்ள வீட்ட அழகா வச்சிருக்க வேணாமா?" என்று சொல்லிக்கொண்டே ஜீவராணி சட்டையின் ஒரு கையைத் தனியாக வெட்டி எடுத்தாள்.

தோட்டத்து லயத்து வீட்டின் முன் திண்ணையான இஸ்தோப்பில் அவளுக்கு எதிரே ஓர் இளம்பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு துணி மூட்டை. வெட்டிய கையை வாங்கி, அடிப்பக்கத்தை மூடித் தைத்து, மேலே ஒரு நாடாவைக் கோத்தாள். பொத்தான்களைக் கூட்டி ஒரு பூவும் வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தண்ணீர்ப் போத்தலுக்கு உறையாகிவிட்டது.

"இது சுலக்ஷனா. கினிகத்தேனையில இருந்து வந்திருக்கா," என்றாள் ஜீவராணி.

"ஒனக்கு எப்புடிப் பழக்கம்?"

"அவரு சட்டையில ஒரு பொத்தான் புதுசாத் தச்சிருந்துச்சுக்கா. நான் தச்சதில்ல. அம்புட்டுச் சுத்தமான தையல். யாரு கையின்னு விசாரிச்சுக்கிட்டே போனேன். இவதான்னாங்க."

"நல்ல கை வேலக்காரிதான்," என்று காளியாயி மெச்சிக்கொண்டாள். சுலக்ஷனா தலையை நிமிர்த்தவில்லை.

யோகராஜா மரக்கறி லொறி ஓட்டுபவன். மாதத்தில் பாதி நாள் கொழும்பு ரோட்டில்தான் இருப்பான். வீட்டில் இருக்கிற நாளில் அவனுக்குச் சட்டை மடிப்புக் கலையாமல் இருக்க வேண்டும். தேயிலைக் கொழுந்து பறித்து மழையில் நனைந்து வரும் ஜீவராணி, தன் ஈரச் சேலையை மாற்றுவதற்கு முன்னால் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டாக வேண்டும். காலரில் ஒரு சுருக்கம் இருந்தாலும் சோற்றுத் தட்டு முற்றத்துக்குப் பறக்கும். பிறகு அடி விழும் சத்தம் சுவரைத் தாண்டிக் காளியாயிக்குக் கேட்கும்.

அதை நினைத்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. "மூத்த மக சடங்குக்குக்கூட வராத ஆளு! லொறி ஒடஞ்சு நின்னுருச்சின்னு போன்ல சொல்லிட்டு இருந்துட்டான். புள்ள அப்பா அப்பான்னு வாசலயே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அவனுக்குப் போயி நீ வீட்ட அழகு பண்ணுறியாக்கும்!"

சுலக்ஷனாவின் ஊசி நின்றது. ஜீவராணி அவள் முழங்காலில் மெல்லத் தட்டி, "நீ தை," என்றாள்.

பொழுது சாய்வதற்குள் ஜீவராணி வீட்டுச் சட்டைகளோடு மூட்டையில் இருந்த துணியும் தீர்ந்துபோனது. குடைக்கு உறை, சோற்றுப் பெட்டிக்குப் பை, சீப்பும் கண்ணாடியும் வைக்கச் சுவரில் தொங்கவிடும் பை என்று ஒவ்வொன்றும் கடையில் வாங்கியது போல் இருந்தது. மிச்சம் விழுந்த துணியைக் கிழித்துப் பின்னி, வட்ட வட்டமாகக் கால்மிதிகள் செய்தார்கள். ஜீவராணி தனக்கென்று ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளாமல் லயம் முழுக்கக் கொடுத்தாள்.

காளியாயிக்கு வெற்றிலை வைக்கும் சின்னப் பையோடு ஒரு சோற்றுப் பை கிடைத்தது. கூடவே நீலக்கட்டத்தில் ஒரு கால்மிதி. அதை வாசலில் விரித்துவிட்டு, மிதிக்க மனம் வராமல் தாண்டித் தாண்டிப் போனாள். ஜீவராணி அதைப் பார்த்துவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து அதன்மேல் ஏறி நின்றாள்.

"மிதிங்கக்கா. மிதிக்கத்தானே செஞ்சது. நல்லா அழுத்தி மிதிங்க."

மறுநாள் மத்தியானம் யோகராஜா வந்தான். மழை விட்டும் விடாத நேரம். சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறியவன், காளியாயி வாசலில் நின்று காலைத் துடைத்தான். துடைத்த கால் அப்படியே நின்றது. குனிந்து பார்த்தான்.

"என்னங்கக்கா இது? என் சட்டைத் துணி மாதிரி இருக்கு?"

"ஒன் சட்டையேதான் தம்பி. ஒன் பொஞ்சாதி செஞ்சு குடுத்தா. எம்புட்டு அழகா இருக்கு பாரு!"

அவன் அடுத்த வாசலைப் பார்த்தான். அங்கே வெள்ளைக் கோடு போட்ட சட்டை காலடியில் கிடந்தது. அதற்கடுத்த வாசலில் பச்சை. எதிரே தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஒரு சின்னப் பெண், அவனுடைய சட்டைக் கையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"அடியே ராணி!"

அந்தச் சத்தத்தில் லயமே வெளியே வந்து நின்றது. ஜீவராணி இஸ்தோப்பிலேயே நின்றிருந்தாள். ஓடவும் இல்லை, உள்ளே போய்க் கதவைச் சாத்தவும் இல்லை.

"எங்கடி என் சட்டையெல்லாம்? எவளக் கேட்டு வெட்டுன?" என்று யோகராஜா கையை ஓங்கினான். இன்றைக்கு அடி இவளைத் தீர்த்துவிடும் என்று பயந்து காளியாயி குறுக்கே விழ ஓடினாள்.

அதற்குள், வீட்டுக்குள்ளிருந்து கத்தரிக்கோலோடு சுலக்ஷனா வெளியே வந்தாள். ஜீவராணியின் தோளோடு தோளாக நின்று, யோகராஜாவை ஏற இறங்கப் பார்த்தாள். ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

"அக்கா வீட்டுச் சட்டையும் முடிஞ்சிருச்சு, நம்ம வீட்டுச் சட்டையும் முடிஞ்சிருச்சு, இப்ப போட்டிருக்கிறதயும் கழட்டுங்க!"