டாக்டர் சாமுக்குப் புரியாத பாஷை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

1996, அமெரிக்காவின் பிளானோ நகரத்து மருத்துவமனை. மகனைப் பார்க்க வந்திருந்த ராமாத்தாளை ஆம்புலன்ஸில் தனியாகக் கொண்டுவந்தார்கள்.

"எங்கூட்டுக்காரரோட நெஞ்சு மாத்திரைய, சத்து மாத்திரைன்னு அள்ளி முழுங்கிட்டனுங்க சாமி!" என்று புலம்பினாள்.

டாக்டர் சாம் உதட்டைப் பிதுக்கினார். "யாருக்காவது இந்த பாஷை தெரியுமா?" என்று நர்ஸிடம் கேட்டார்.

மதுரையிலிருந்து மருத்துவம் படிக்க வந்த கிருபாராணி மூன்றாம் மாடியிலிருந்து ஓடிவருவதற்குள் ராமாத்தாளின் மூச்சு நின்றுவிட்டது.

"தமிழ் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இங்கே இருந்திருந்தா இவங்க பிழைச்சிருப்பாங்க, சார்!" என்று அழுதாள்.

சாம் அவள் தோளைத் தட்டி, "உன்னை மாதிரி ஆளுங்க இங்கே நிறைய வரணும்மா," என்றார்.

அந்த சாம் நான்தான். மேற்கிந்தியத் தீவுக்காரன் என்று அங்கே சொல்லி வைத்திருந்தேன், பிறந்து வளர்ந்தது பொள்ளாச்சி.