மான் வேட்டைக்கு ஒரு கத்தி

டுவேன் தார்ப்பாய்ச் சுருளைச் சமையலறை மேசைமேல் வைத்து விரித்தான்.

ஏழு கத்திகள். எல்லாமே அவன் தங்கை கணவன் லீலண்டுடையவை.

"எல்லாத்துக்கும் நல்லாக் கூர் போட்டு வச்சிருக்கேன் மச்சான். பிடிச்சதை எடு. ஒண்ணே ஒண்ணு."

லீலண்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். உடனே கை நீட்டவில்லை.

வெளியே சுப்பீரியர் ஏரிப் பக்கமிருந்து பனி வந்துகொண்டிருந்தது. சன்னல் முழுக்க வெள்ளை. பார்த்துக்கொண்டே இருந்தால் பனி விழுவது போலத் தெரியவில்லை, வீடுதான் மெல்ல மேலே மிதந்து போவது போலிருந்தது.

நாளை விடிந்தால் மான் வேட்டை தொடங்குகிறது. காட்டுக்குள் இருக்கும் மரக்குடிலுக்கு இன்று இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும். இந்த வருடம் சுடுவது டுவேன் மட்டும். விழுந்த மானின் வயிற்றைத் திறந்து, குடலெடுத்து, தோலுரிப்பது லீலண்டின் வேலை. அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். அந்த வேலையில் லீலண்டின் கை தனி.

அவன் மனைவி கோரின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அவனுடைய கம்பளிக் காலுறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

லீலண்ட் முதலில் தொட்டது நீளமான கத்தியை. இளவயதில் வாங்கியது. இடுப்பில் தொங்கவிட்டு நடக்க நன்றாயிருக்கும், அவ்வளவுதான். மானுக்குள் முழங்கைவரை கை போயிருக்கும்போது அந்த நீள அலகின் முனை எங்கே இருக்கிறதென்றே தெரியாது. ஒரு முறை குடலைக் குத்திவிட்டது. இறைச்சியெல்லாம் நாறி, அந்தக் குளிர்காலம் முழுக்க டுவேன் அவனை 'டாக்டர்' என்றுதான் கூப்பிட்டான்.

முனையில் கொக்கி வைத்தது கோரின் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. கொக்கியில் மயிர் சிக்கும். அவளிடம் அவன் அதைச் சொன்னதில்லை.

மான்கொம்புப் பிடி போட்டது அழகுதான். ரத்தம் பட்டால் வழுக்கும்.

கடைசியில் பிர்ச் மரப்பிடி போட்ட குட்டைக் கத்தியை எடுத்தான். அலகு அவன் நடுவிரல் நீளம்கூட இருக்காது. பிடியில் அவன் கட்டைவிரலுக்கென்றே ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அதைப் பிடித்ததும் சமையலறை கொஞ்சம் விலகிப் போனது.

தேவதாரு மரங்கள் நிற்கும் சதுப்பு. சாம்பல் நிற வெளிச்சம். பனிமேல் மான் பக்கவாட்டில் கிடக்கிறது. அலகை மேல்நோக்கித் திருப்பி, அடியில் இரண்டு விரல் கொடுத்து, அவன் தோலைத் திறந்துகொண்டே போகிறான். உள்ளேயிருந்து ஆவி எழுந்து கிளைகளுக்கு நடுவே போகிறது. மரத்துப்போன விரல்களில் சூடு ஏறுகிறது. எங்கோ ஓர் அண்டங்காக்கை பொறுமையாகக் காத்திருக்கிறது.

அந்த நேரத்தில் அவன் தலைக்குள் எந்தக் குரலும் இருக்காது. கை இருக்கும், அலகு இருக்கும், சூடு இருக்கும். அவ்வளவுதான்.

"நீ எடுக்கிறதுக்குள்ள அந்த மானுக்குப் பேரன் பேத்தி பொறந்துடும்," என்றான் டுவேன்.

லீலண்ட் சிரித்தான். சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு, கூர் பார்ப்பதற்காக முன்கை மயிரில் அலகை லேசாக ஓட்டினான்.

காலுறை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. டுவேன் சிரிப்பு மாறாமலே மேசைக்கு ஓர் அடி கிட்டே வந்தான்.

நாலைந்து மயிர்கள் மேசைமேல் உதிர்ந்தன. லீலண்ட் அவற்றை ஊதிவிட்டான்.

"இதுதான்."

கத்தியை உறையில் போட்டான். டுவேன் கை நீட்டினான். லீலண்ட் மறுபேச்சில்லாமல் கொடுத்தான். அது டுவேனின் கோட்டுப் பைக்குள் போனது.

டுவேன் மீதி ஆறையும் சேர்த்து தார்ப்பாயைச் சுருட்டத் தொடங்கினான்.

கோரின் வந்து சுருள்மேல் கை வைத்தாள்.

"விடுண்ணா. ஒண்ணு இங்க இருக்கட்டும்."

"கோரின், நாம பேசிக்கிட்டது..."

"பேசிக்கிட்டோம். இல்லைன்னு சொல்லலை." அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, கணவனைப் பார்த்தாள். "வெங்காயத்தை இன்னும் எத்தனை நாளைக்குக் கையால பிச்சுப் போட்டுச் சமைக்கிறது? நீயே பாத்து ஒண்ணு எடுத்துக் கொடு."

மார்ச் மாதம், லீலண்டை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, அவன் வந்து சேர்வதற்கு முன்பே கோரின் துப்பாக்கி, கத்தி, கத்தரிக்கோல்வரை எல்லாவற்றையும் அண்ணன் வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தாள். அவனைத் தனியாக விட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாங்குகிற ரொட்டிகூட அதற்குப் பிறகு கடையிலேயே அரிந்து வந்தது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனும் கேட்டதில்லை.

டுவேன் சன்னல் பக்கம் திரும்பி, பனியைப் பார்ப்பது போல நின்றுகொண்டான்.

"எதுக்கு வேணும்?" என்று கேட்டான் லீலண்ட். தார்ப்பாயைத் தன் பக்கம் இழுத்து மறுபடி விரித்தான். "வெங்காயத்துக்கா, ரொட்டிக்கா?"

"ரெண்டுக்கும்," என்று சொல்லி, கோரின் காலியாகக் கிடந்த இழுப்பறையைத் திறந்து வைத்தாள்.