மூலக்குளத்துக்குக் குடிவந்த நாள்

மாலை வெயில் புது வீட்டுக் கூடத்தில் மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கிறது. ஸ்டூலில் நின்றபடி இஷ்ரத் திரைச்சீலை வளையங்களைக் கம்பியில் கோக்கிறாள். சென்னை நெரிசல் போதும், இரண்டு பேருமாக மூலக்குளத்தில் நிம்மதியாக இருந்துவிடலாம் என்று கணவன் ஆரிப் சொன்னதை நம்பித்தான் சென்னையில் பார்த்துவந்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்தாள். வில்லியனூர் ரோட்டில் பஸ்ஸின் இரைச்சல் ஓய்ந்ததும், வாசலில் அவன் போன் பேசுவது சன்னல் வழியே கேட்கிறது. "ஊருக்கு வந்திருக்கேன். இவள இங்க விட்டுட்டு திங்கக்கெழம வீட்டுக்கு வந்துடுறேன், நீ அழாத." அவள் கையிலிருந்த வளையம் நழுவி உருண்டு, உள்ளே வரும் அவன் காலடியில் போய் நிற்கிறது. குனிந்து எடுத்து நீட்டுகிறான். "நம்ம வீடு புடிச்சிருக்கா?" "புடிச்சிருக்கு," என்று வாங்கிக் கோத்துக்கொள்கிறாள். "நீங்க எப்ப வீட்டுக்குக் கெளம்புறீங்க?"