தாள் எரியாத வருஷம்

புதர்க்காட்டை அழித்து வயலாக்கிய பிறகு காடைக்கு நெல் அறுத்த தாளுக்குள்தான் கூடு. அதில் ஐந்து முட்டைகள் இருந்தன.

"நாளைக்குத் தாளைக் கொளுத்தப்போறாங்க அக்கா," என்று மேய வந்த எருமையிடம் காடை அழுதது. "போன வருஷம் அந்தப் புகையில வந்த அமோனியா நெடியில என் குஞ்சுங்க மூச்சுமுட்டிச் செத்துச்சு."

"என் தொழுவத்துலயும் அந்த நெடி உண்டு. ஆனா தீயில கிளம்பினா ஊரெல்லாம் போகும்," என்றது எருமை.

மறுநாள் தீப்பெட்டியோடு வந்த வயல்காரர் மாசிலாமணி எவ்வளவு அதட்டியும், கூட்டருகே படுத்த எருமை எழவில்லை.

"சரி, தாளைத் தின்னு. கொளுத்தல. மிச்சத்தை அப்புறம் மெதுவா உழுதுக்கறேன்," என்று அவர் திரும்பினார்.

முட்டைகள் பொரிந்ததும் காடை ஐந்து குஞ்சுகளையும் எருமையின் முகத்தெதிரே நிறுத்தியது. "இவங்கதான் உங்க பெரியம்மா. முகத்தை நல்லாப் பாத்து வச்சுக்கங்க."

தன் மூச்சில் குஞ்சுகள் உருண்டுவிடுமோ என்று எருமை முகத்தைத் திருப்பிக்கொண்டது.