ஆறாவது வளைவில் ஹாரன்

குப்பனூர்ச் சாலையின் ஆறாவது வளைவில் பனி விலகி, சில்வர் ஓக் மரங்களுக்கிடையே வெயில் இறங்குகிறது. உளவாளிப் படத்தின் கறுப்புக் காருக்குள், கதாநாயகியின் உடையில், அவளுக்குப் பதிலாகக் காரோட்ட ஃபெபி உட்கார்ந்திருக்கிறாள். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவளுக்குச் சினிமாவில் இதுதான் முதல் நாள். மூன்று முறை அழகாகச் சறுக்கித் திரும்பியும் மூன்றும் வீண். மலைச்சாலைப் பழக்கம், வளைவைக் கண்டதும் அவள் கை தானாக ஹாரனுக்குப் போய்விடுகிறது; அது கேமராவில் அப்படியே தெரிகிறது. "துரத்துறவனுக்கு ஹாரன் அடிச்சு வழி சொல்ற உளவாளியாம்மா நீ? இன்னும் ஒரே டேக். இல்லன்னா வேற ஆள்தான்," என்கிறார் ஸ்டன்ட் மாஸ்டர். கேமராவுக்குப் பின்னால், சாலைக்குக் குறுக்கே கயிறு கட்டி நிறுத்தப்பட்ட பயணிகள் பஸ்ஸிலிருந்து அவள் அப்பா லூர்துராஜ் டிரைவர் இறங்கி வருகிறார். "ஏனுங்க, சத்தமெல்லாம் அப்பறமாத்தான சேத்திக்குவீங்க?" மாஸ்டர் தலையசைக்கிறார். லூர்துராஜ் கார் ஜன்னலில் குனிகிறார். "நீ ஸ்டேரிங்க உடாத கண்ணு. ஹாரன நா அடிக்கறேன்." கார் சீறிக்கொண்டு ஏறி வருகிறது. வளைவுக்குச் சற்று முன்னால் பஸ்ஸின் ஹாரன் மலையெங்கும் முழங்குகிறது. ஃபெபியின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கிலேயே இருக்கின்றன. டயர் கிளப்பிய செம்மண் வெயிலில் மிதக்கிறது. மாஸ்டர் கட்டைவிரலை உயர்த்துகிறார். பஸ்ஸுக்குள் எல்லோரும் கைதட்டுகிறார்கள். லூர்துராஜ் மட்டும் இன்னும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.