ஓடில்லாத நண்டு

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியின் மூடியைத் திறந்து பார்த்த எர்சிலியாவுக்குப் பகீரென்றது.

நண்டு இருந்தது. ஓடு இல்லை.

கரண்டியை விட்டு அடிவரை துழாவினாள். ஒரு கால், ஒரு கொடுக்கு? ஊஹூம். வெறும் சதை.

தக்காளியும் ஒயினும் ஊற்றி, நண்டு, மட்டி, இறால், மீன் என்று கடலில் அகப்பட்டதையெல்லாம் போட்டுக் கொதிக்கவிடும் குழம்புதான் சொப்பீனோ. அந்தக் குடும்பத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அதை வைக்கிற உரிமை எர்சிலியாவுக்கு மட்டும்தான். அவளுடைய தாத்தா சான் ஃபிரான்சிஸ்கோவில் படகு வைத்திருந்தவர் ஆயிற்றே.

இந்த வருஷம் முழங்கால் ஆபரேஷன் வந்து கெடுத்தது. சட்டி தம்பி ரென்சோவின் மனைவி டார்லீன் கைக்குப் போய்விட்டது. டார்லீனோ நெப்ராஸ்காக்காரி. சோளக் காட்டில் பிறந்து, கடலைக் காலண்டரில் பார்த்து வளர்ந்தவள்.

"என்னம்மா இது, ஓட்டைக் காணோம்?"

"ஓட்டோட வைக்க எனக்குப் பழக்கமில்லைக்கா" என்றாள் டார்லீன், தலையைத் தூக்காமல் ரொட்டியை அறுத்துக்கொண்டே. இரண்டு விரலில் பிளாஸ்திரி.

அவ்வளவுதான். வாசலில் வந்து கோட்டைக் கழற்றுகிற ஒவ்வொருவரிடமும் எர்சிலியா விஷயத்தை ஒப்பித்தாள். கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, குறடால் ஓட்டை உடைத்து, முழங்கை வரை சாறு வழியத் தின்றால்தான் அது சொப்பீனோவாம். உரித்துப் போட்டால் ஆஸ்பத்திரிக் கஞ்சியாம்.

"எங்க தாத்தா படகுல ஓட்டோடதான் போடுவார். உரிச்சுப் போட்டவனைக் கடல்ல தள்ளிவிட்டிருப்பார்" என்றாள் ரென்சோவிடம். அவன் பாவம், மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளாமல் ஒயின் பாட்டிலைத் திறக்கப் போய்விட்டான்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும், எர்சிலியா தன் கைப்பையிலிருந்து நண்டுக் குறடை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் 'டங்'கென்று வைத்தாள். அடுத்தவர் வீட்டுக் குறடை அவள் என்றைக்குமே நம்பியதில்லை. இன்றைக்கு உடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும், எதிர்ப்பைக் காட்ட வேண்டாமா?

குழம்பு நன்றாகவேறு இருந்து தொலைத்தது.

அதைவிட எரிச்சல், அவள் புருஷன் அட்டிலியோ. இரண்டு வருஷமாக அவள் வைத்த சொப்பீனோவில் ரொட்டியை மட்டும் தொட்டுத் தின்றுவிட்டு, வயிறு சரியில்லை என்று எழுந்துபோன மனுஷன், இங்கே கரண்டியைக் குழந்தை பிடிக்கிறமாதிரி இறுக்கிப் பிடித்து, கிண்ணத்தின் மேல் கவிழ்ந்துகொண்டு மூன்றாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

"நிமிர்ந்து உட்காருங்க. மானம் போகுது" என்று முழங்கையால் இடித்தாள்.

கடைசியில் எழுந்து நின்றே அறிவித்துவிட்டாள். முழங்கால் தேவலையாகிவிட்டது, அடுத்த வருஷம் சட்டி தன் வீட்டுக்குத் திரும்பும், நண்டு ஓட்டோடு இருக்கும்.

"சரிக்கா" என்றாள் டார்லீன். அட்டிலியோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஜெயித்த தெம்போடு எர்சிலியா குறடைக் கழுவித் துடைத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். வந்தவள் கதவோரம் நின்றுவிட்டாள்.

அட்டிலியோ கோட்டுப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார். விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. பொத்தான் துளைக்குப் போகவில்லை. மறுபடியும் போகவில்லை. டார்லீன் வந்து, காலரைச் சரிசெய்கிறவள்போல மேலிருந்து கீழ்வரை பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

"எனக்காக அத்தனை நண்டையும் உரிச்சிருக்கே. கையெல்லாம் காயம்" என்றார் அவர்.

"அது ஆறிடும். போன வருஷம் நீங்க குறடைப் பிடிக்க முடியாம மேஜைக்கு அடியில போட்டுட்டு, வயிறு சரியில்லைன்னு எழுந்தீங்களே, அதை நான் பார்த்தேன். சட்டி என் கைக்கு வந்ததும் உரிச்சே போடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"எர்சிலியாகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா. ஊரைக் கூட்டிடுவா."

பொத்தான் சட்டையை விட்டுவிட்டு வருஷம் முழுக்க ஸ்வெட்டரையே மாட்டிக்கொண்டு திரிகிறாரே, சோம்பேறி என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறாள். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் கண்ணில் படாதது, வருஷத்துக்கு ஒரு தடவை விருந்துக்கு வருகிற டார்லீன் கண்ணில் பட்டிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

குறடைப் பைக்குள் போட்டு மூடினாள். காபி குடித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குத் திரும்பிப் போய், தொண்டையைக் கனைத்தாள்.

"என் முட்டி மறுபடியும் வலிக்குது. அடுத்த வருஷமும் டார்லீனே வைக்கட்டும். நான் வந்து கூட உக்காந்து நண்டு உரிச்சுத் தரேன்."

"உரிக்கறதா? உரிச்சுப் போட்டா தாத்தா கடல்ல தள்ளியிருப்பார்னு இப்பதானே சொன்னே?" என்றான் ரென்சோ.

"தாத்தாவைப் பத்தி உனக்கென்னடா தெரியும், அப்ப நீ பொறக்கவே இல்லை" என்றாள் எர்சிலியா. "அவர் படகுல எப்பவுமே உரிச்சுத்தான் போடுவார்."